இரண்டாயிரம் பேர் ஒப்புக்கொண்ட பதில்

என் கணவரிடம் எதைக் கேட்டாலும் ஒரு வரியில்தான் பதில் வரும். இரண்டாவது வரி வேண்டுமென்றால் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக நானும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசையாக, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். "பிடிக்கலன்னா உன்னைப் பின்னாடி வெச்சுக்கிட்டு இந்த மேட்டுல சைக்கிள் மிதிப்பேனா?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் அதையே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிட்டேன்.

எங்கள் மகளுக்கு ஆறு வயசு இருக்கும்போது, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டாள். "வெள்ளை அடிச்சா சீக்கிரம் அழுக்காயிடும்ல" என்றார். குழந்தை அதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்ல, டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வீட்டுக்கு வந்து குதித்தேன். மனுஷன் நிதானமாக, "டீச்சர் சிரிச்சாங்களா இல்லையா?" என்றார். அந்த மகள் இப்போது வேலை பார்ப்பது வேறு ஊரில். போன் பண்ணினால் இன்றைக்கும் முதலில் என்னிடம்தான் பேசுவாள், அப்பாவிடம் கேட்க வேண்டியதையும் என்னிடமே கேட்டுக்கொள்வாள்.

அவர் வேலை, மருத்துவக் கருவிகளை வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரு பக்கம் மடக்குக் கட்டில்கள், சக்கர நாற்காலிகள். இன்னொரு பக்கம் ஆக்சிஜன் மிஷின்கள். முழங்கால் உயரத்தில் சக்கரம் வைத்த பெட்டி அது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும். பின்புறம் காற்று நுழையும் இடத்தில் உள்ளங்கையளவு ஸ்பாஞ்ச் ஒன்று உண்டு, தூசி வடிகட்ட. திரும்பி வரும் மிஷினில் அந்த ஸ்பாஞ்சை உருவிப் பார்த்தே அது எந்த மாதிரி வீட்டில் இருந்தது என்று சொல்லிவிடுவார். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சமையலறை ஓரம். நூல் தும்பு என்றால் திரைச்சீலைக்குப் பின்னால். பூனை முடி என்றால் பூனை.

அந்த ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டாலும் சரி, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் சரி, மிஷினுக்குக் காற்று கிடைக்காது. ஆக்சிஜன் நீர்த்துப் போகும். மஞ்சள் விளக்கு எரியும், விட்டுவிட்டுக் கத்தும். ஒரு நாளைக்கு இருபது போன் இதற்கே வரும். ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, முதல் தடவை சொல்வது போலச் சொல்வாராம். வீட்டில் ஒரு வரிக்கு மேல் பேசாத மனுஷன் அங்கே பத்து நிமிஷம் விளக்குகிறார் என்று அவருடைய மேலாளர் சொன்னபோது, ஆள் மாறாட்டம் என்றுதான் நினைத்தேன்.

வெளியில் அவரைத் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். போனுக்குள் தெரிந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். அறிவியல், தொழில்நுட்பம் பேசுகிற கேள்வி பதில் குழு ஒன்று. அங்கே அவர் பெயர் 'பழைய ஃப்யூஸ்'.

செயற்கை நுண்ணறிவு என் வேலையைப் பறித்துவிடுமா என்று ஒருவர் கலங்கிப்போய்க் கேட்டிருந்தார். "பறிக்கத்தான் வந்துச்சு. நீங்க எந்த வேலை செய்யறீங்கன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கு" என்று இவர் போட்டார். செவ்வாய் கிரகத்தில் குடியேறலாமா என்று இன்னொருவர். "குடியேறலாம். மொட்டை மாடி சாவி மட்டும் ஓனர் தரமாட்டார்." ஒளியைவிட வேகமானது ஏதாவது உண்டா என்று ஒரு மாணவர் மெனக்கெட்டு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கேட்டிருந்தார். அதற்கு இவர்: "விருந்தாளி தெருமுனைக்கு வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் என் மனைவி வீடு கூட்டுற வேகம்."

ஆயிரத்து நூறு லைக். முதுகு ஒடியக் கூட்டியது நான், லைக் வாங்கியது அவர்! வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் விளக்குமாற்றைத் தொடவே இல்லை. "ஆராய்ச்சிக்கூடம் லீவா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் நானும் அந்தக் குழுவில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். என்னைப் பற்றி வேறு என்னென்ன எழுதுகிறார் என்று வேவு பார்க்க.

அந்தக் குழுவில் ஒரு நடைமுறை. அதிக லைக் வாங்கிய பதில் மேலே நிற்கும், மற்றவை கீழே போகும். நூறு லைக் தாண்டிவிட்டால் எழுதியவரே நினைத்தாலும் அழிக்க முடியாது, திருத்தவும் முடியாது. அதனால் முதலில் வந்து முதலில் சிரிக்கவைப்பவர்தான் அங்கே ராஜா. இவர் விரல் எப்போதும் தயாராக இருக்கும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில், கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. ஆறு நாள் "பிரேக், பிரேக்!" என்று கத்துகிற தொண்டைக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. அவர் எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, ஞாயித்துக்கிழமையும் என்னை விடமாட்டேங்குது" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

'புதியவர் 4417' என்று ஒருவர் கேட்டிருந்தார். குழுவில் சேர்ந்த அன்றே பெயர் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு அதுவாக ஒரு எண் கொடுத்துவிடும். கேள்வி இதுதான்: 'வணக்கம். என் மனைவிக்கு நுரையீரல் பலவீனம். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நேற்றிலிருந்து மஞ்சள் விளக்கு எரிகிறது. கத்துகிறது. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.' கூடவே மிஷினின் படம், கொஞ்சம் கலங்கலாக.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, சொல்லுங்களேன்."

"ஆறு நாள் அதைத்தான் சொல்றேன். இன்னிக்குக் கடை லீவு. கீழ யாராவது சொல்லுவாங்க."

சொல்லிக்கொண்டே விரல் ஓடியது. போட்டுவிட்டார்: "மிஷினும் மனுஷன் மாதிரிதான். ஓய்வே கொடுக்காம ஓட்டினா அதுவும் கத்தத்தான் செய்யும்."

நான் சிரித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே சிரித்தேன். ஆறு நாள் கத்துகிறவள் நான், எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அவர் பார்க்காதபோது என் போனை எடுத்து ஒரு லைக்கும் போட்டேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். அவர் இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டே சாப்பிட்டார். திடீரென்று கை நின்றுவிட்டது.

"என்னங்க?"

போனை என் பக்கம் திருப்பினார். அவருடைய பதிலுக்குக் கீழே புதியவர் 4417 எழுதியிருந்தார்: 'மிக்க நன்றி ஐயா. அப்படியே செய்கிறேன்.'

அதற்குக் கீழே முந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். 'புதியவர் ஃப்யூஸையே தூக்கிச் சாப்பிட்டுட்டார்' என்று ஒருவர். எல்லாரும் அதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"இது கிண்டல் இல்ல" என்றார் அவர். "இந்த ஆள் நிஜமாவே மிஷினை நிறுத்தி வெச்சிருக்கார்."

என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. கார் தடுமாறினால் என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். பயம் வந்தால் வீட்டிலும் மிதிப்பேன்.

அவர் கை கழுவக்கூட இல்லை. பதிலை அழிக்கப் பார்த்தார், முடியவில்லை. நூறு எப்போதோ தாண்டிவிட்டது. அதற்குக் கீழே சரியான பதிலை முழுசாக எழுதினார். மிஷினை நிறுத்தாதீர்கள், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், பின்னால் ஸ்பாஞ்சைப் பாருங்கள் என்று எட்டு வரி. நாலு லைக் வந்தது. அறுபத்திரண்டாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. புதியவருக்குத் தனியாகவும் ஒரு செய்தி அனுப்பினார். பெயர் வைக்கவே தெரியாதவருக்கு அது எங்கே வரும் என்று தெரிந்திருக்குமா? பார்க்கவே இல்லை. குழுவை நடத்துகிறவர்களுக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை, ஒருவரும் இல்லை.

கடைசியில் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதினார்: 'தயவுசெய்து என் பதிலுக்குப் போட்ட லைக்கை எடுத்துவிடுங்கள். அது கீழே போகட்டும். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.'

ஐந்து நிமிஷத்தில் அதற்கு அறுநூறு லைக்! 'தலைவா, லைக் வேண்டாம்னு சொல்லியே லைக் வாங்கறீங்களே' என்கிறார் ஒருவர். 'ஃப்யூஸ் சீரியஸா நடிச்சாலும் சிரிப்புதான் வருது' என்கிறார் இன்னொருவர்.  நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய், நான் போட்ட லைக்கை எடுத்தேன்.

"ஒண்ணு குறைஞ்சது!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஒருத்தர் நம்பிட்டாங்க!" அடுத்த நொடியே ஏழு கூடியது. அந்த ஒருத்தர் நான்தான் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

திரும்பி வந்தபோது அவர் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சுவரோடு ஒட்டியிருந்தது, மேலே திரைச்சீலை வேறு விழுந்திருந்தது. இதைக் காலையிலேயே பார்த்திருந்தால் பாதிப் பதில் அதிலேயே இருந்தது. பக்கவாட்டில் ஒரு வாடகை ஸ்டிக்கர். இவர் கம்பெனி இல்லை, வேறொன்று. அதில் மிஷினின் எண் தெரிந்தது.

அந்தக் கம்பெனியில் இவரோடு முன்பு வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஒல்லியாக இருப்பதால் எல்லாரும் குண்டூசி என்போம். இவர் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் குண்டூசி கெக்கெக்கே என்று சிரிப்பது என் காதுவரை கேட்டது.

"அண்ணே, நானும் காலையிலேயே லைக் போட்டுட்டேன்ணே. போன் போட்டெல்லாம் கேக்கணுமா?"

"டேய், விளையாடலடா, அந்த மிஷின் எந்த வீட்டுல இருக்குன்னு..."

"குரலை எப்படிண்ணே இப்படி மாத்தறீங்க?"

இவர் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே, உண்மையைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பாத நிலைக்கு வந்துவிட்டார். பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. போனைப் பிடுங்கினேன்.

"இந்தாப்பா குண்டூசி! நான் பேசறேன். நான் எப்பவாவது ஜோக் அடிச்சு நீ கேட்டிருக்கியா?"

"இ... இல்ல அண்ணி."

"அங்க ஒரு அம்மா மூச்சு விட முடியாம கிடக்காங்க. இன்னும் ஒரு தடவை பல்லைக் காட்டினே, நேர்ல வந்து உதைப்பேன். எழுந்து போய் ரிஜிஸ்டரைப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. நாலாவது நிமிஷம் அந்த வீட்டு போன் நம்பர் வந்தது. "வேற மிஷின் எடுத்துக்கிட்டு நானும் கிளம்பறேன் அண்ணி, முக்கால் மணி நேரம் ஆகும்" என்றார் குண்டூசி. குரலில் சிரிப்பு செத்துப்போயிருந்தது.

அந்த நம்பருக்குப் போட்டோம், முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை ஒரு பெரியவர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஐயா, ஆக்சிஜன் மிஷின் சம்பந்தமா கூப்பிடறேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"கொஞ்சம் மூச்சு இளைக்குது தம்பி. பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்கேன். மிஷினுக்கு ஓய்வு கொடுத்திருக்கோம்ல? ஒரு மணி நேரம் ஓட்டறேன், அரை மணி நேரம் நிறுத்தறேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"நிறுத்தக்கூடாதுங்கய்யா!"

"இல்ல தம்பி, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் எழுதியிருந்தார். நானும் யோசிச்சேன். ஆனா ரெண்டாயிரம் பேர் அதைச் சரின்னு சொல்லியிருக்காங்களே."

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெரியவருக்கு லைக் என்றால் கையெழுத்து. ரெண்டாயிரம் படித்தவர்கள் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

கண்ணைத் திறந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். அந்த ஜன்னல் இல்லாத அறையில் போன் எடுக்கிற ஆள் இவர்தான் போலிருக்கிறது. குரலில் அவசரமே இல்லை.

"ஐயா, கரண்ட் போனா வைக்கறதுக்குன்னு சின்ன சிலிண்டர் ஒண்ணு கொடுத்திருப்பாங்க. இருக்கா? அதை முதல்ல அம்மாவுக்கு மாட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன். அவசரப்படாதீங்க."

மாட்டினார். பிறகு ஒவ்வொன்றாக. திரையை ஒதுக்குங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுங்கள். பின்னால் கை வைத்தால் மெத்தென்று ஒன்று தட்டுப்படும், அதை உருவுங்கள். "கம்பளி மாதிரி இருக்கு தம்பி" என்றார் பெரியவர். அது கம்பளி இல்லை, மாதக்கணக்கில் சேர்ந்த தூசி. கழுவி, துண்டில் வைத்துப் பிழிந்து, ஈரம் போனதும் பொருத்தச் சொன்னார். மிஷினைப் போட்டதும் முதலில் கத்தியது. "கத்தட்டும், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றார். நாங்கள் இருவரும் அந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. சில நிமிஷம் கழித்துக் கத்தல் நின்றது.

"பச்சை வந்துடுச்சு தம்பி! பச்சை!"

"குழாயை மாத்தி மாட்டுங்க. இன்னும் அரை மணி நேரத்துல ஒருத்தர் வேற மிஷினோட வருவார்."

அத்தோடு வைத்திருக்கலாம். வைத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"ஐயா, அந்த ஓய்வு கொடுக்கிற விஷயம், அதை எழுதினது நான்தான். அது பதில் இல்ல. சும்மா கிண்டலுக்கு எழுதினது. எனக்குச் சரியான பதில் தெரியும், தெரிஞ்சும் சொல்லல. மன்னிச்சிடுங்க."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

 திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன். நானாக இருந்தால் கிழித்திருப்பேன். பெரியவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"கிண்டலா? எனக்குத் தெரியலையே. அதுல சிரிக்கறதுக்கு எங்க இருந்துச்சு தம்பி?"

 "சிரிக்க ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றார் என் கணவர்.

பின்னால் ஒரு பெண் குரல், "போனை இங்க கொடுங்க" என்றது. மெலிந்த குரல். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தம்பி, எனக்கு அப்பவே தெரியும். கிண்டல்னு இவர்கிட்டச் சொன்னேன். ரெண்டாயிரம் பேரைவிட நீ பெரிய ஆளான்னு கேட்டுட்டார்."

"அம்மா, மன்னிச்சிடுங்கம்மா."

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா பாதிதான் சிரிக்க முடிஞ்சது தம்பி. மீதிக்கு மூச்சு இல்ல."

போனை வைத்த பிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுவாத கை காய்ந்துபோயிருந்தது. கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்த ஒரு லைக்கை எடுத்தது நான்தாங்க. போட்டதும் நான்தான்" என்றேன். தலையை ஆட்டினார்.

இப்போதும் அவர் அந்தக் குழுவில் இருக்கிறார், பெயரும் அதேதான். ஆனால் முதலாவதாக வருவதில்லை. யாராவது மஞ்சள் விளக்கு என்று கேட்டால் அவர் எட்டு வரி எழுதி முடிப்பதற்குள் முப்பது பேர் கிண்டலடித்து முடித்திருப்பார்கள். ஐந்தாறு லைக் வரும். அதனால் கேட்டவரின் பெயருக்குக் கீழேயே போய், 'உங்கள் நம்பரைக் கொடுங்கள்' என்று எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அம்மா எப்படி இருக்காங்க?"